பங்கின் விலையும் கடையின் கணக்கும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தாரைப் பற்றிப் பேசுவோர் கடையைப் பற்றியும் பேசாமல் விடுவதில்லை. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர் முதலிய ஊர்களிலிருந்து புறப்பட்டு, கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து வாழ்ந்தவர் மிகப் பலர். மழையை நம்பிய வயலும் கிணற்றை நம்பிய புகையிலைத் தோட்டமும் குடும்பம் முழுவதையும் தாங்கமாட்டாதபொழுது, கடல் கடந்து சென்ற பிள்ளையின் கடையே வீட்டைத் தாங்கியது. அவ்வாறு சென்றவருள் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவரும் இருந்தனர். எனினும், ஒரு கடையை வாங்கலாமா, விடலாமா என்று தீர்மானிக்கும் கூர்மை அவர்களிடம் குறைவின்றி இருந்தது.

இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேறொரு கேள்வியை எதிர்நோக்குகின்றனர். இளைப்பாறியவருக்குக் கிடைத்த சேமலாப நிதி, காணி விற்ற காசு, கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பும் பணம் ஆகியவற்றை எங்கே வைப்பது என்பதே அக்கேள்வி. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் கொழும்புப் பங்குச் சந்தை யாழ்ப்பாணத்திலும் கிளை திறந்தது. இப்பொழுது வேலணையில் திண்ணையில் அமர்ந்தபடியே கைத்தொலைபேசி மூலம் கொழும்பிலுள்ள கம்பனியொன்றின் பங்கை வாங்கலாம். ஆனால், ஒரு சிறு கடையை வாங்குமுன் பத்துத் தடவை கணக்குப் பார்க்கும் அதே குடும்பம், நண்பர் ஒருவர் சொன்ன ஒரு சொல்லை நம்பிப் பங்கை வாங்கிவிடுகிறது. கடை கண்ணுக்குத் தெரிகிறது, பங்கு தெரிவதில்லை. அதுவே காரணம் போலும்.

உண்மையில் பங்கு என்பது கடையின் ஒரு துண்டேயாகும். கடைக்குக் கேட்கும் கேள்விகளைப் பங்குக்கும் கேட்கலாம். அக்கேள்விகளையே கணக்கியலார் ‘நிதி விகிதங்கள்’ என்று பெயரிட்டு வழங்குகின்றனர். க.பொ.த. உயர்தர வகுப்பில் வணிகம் பயிலும் மாணவர் இவற்றைக் கணக்கீட்டுப் பாடத்தில் கற்கின்றனர். பரீட்சைக்காகக் கற்பதை வீட்டுக்காகவும் பயன்படுத்த இயலும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பங்கு என்பது யாது?

இலங்கையில் பங்கு வியாபாரம் புதியதன்று. தேயிலைத் தோட்டங்களைத் திறப்பதற்குப் பெரும் மூலதனம் வேண்டியிருந்தது. அதனைத் திரட்டும் பொருட்டுக் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் 1896ஆம் ஆண்டில் தோன்றியது. இன்றுள்ள பங்குச் சந்தை 1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அன்று தோட்டத்தின் ஒரு துண்டை வாங்கினார்கள். இன்று வங்கி, விடுதி, தொழிற்சாலை ஆகியவற்றின் துண்டுகளையும் வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றே. பங்கை வாங்கியவர் கம்பனியின் உரிமையாளருள் ஒருவராகிறார். இலாபம் வந்தால் அதில் அவருக்குப் பாகம் உண்டு. கம்பனி மூழ்கினால் கடன்கொடுத்தோர் எல்லாருக்கும் கொடுத்தபின் மிச்சம் இருந்தால்தான் அவருக்குக் கிடைக்கும்.

எனவே பங்கு வாங்குவது வங்கியில் வைப்புச் செய்வதைப் போன்றதன்று. கடையில் கூட்டுச் சேர்வதைப் போன்றது. கூட்டுச் சேருமுன் கடையைப் பார்க்கவேண்டாமா?

கடை ஒன்றை விலை பேசுவோம்

கொழும்பில் ஒரு பலசரக்குக் கடை விற்பனைக்கு வருகிறது என்று கற்பனை செய்துகொள்வோம். கடையிலுள்ள சரக்கு 30 இலட்சம் ரூபா. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய கடன் 10 இலட்சம். கையிலும் வங்கியிலும் உள்ள காசு 5 இலட்சம். குளிரூட்டிப் பெட்டி, தராசு, வான் முதலியவை 15 இலட்சம். ஆக மொத்தச் சொத்து 60 இலட்சம். மறுபுறத்தில், நாலாம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரிகளுக்கு விரைவில் கொடுக்கவேண்டியது 15 இலட்சம். வங்கியில் நீண்ட காலக் கடன் 20 இலட்சம். இவ்விரண்டையும் கழித்தால் உரிமையாளருக்கு எஞ்சுவது 25 இலட்சம். இதுவே அவருடைய உரிமை மூலதனம்.

ஓராண்டின் விற்பனை 240 இலட்சம். விற்ற சரக்கின் கொள்விலை 210 இலட்சம். கூலி, வாடகை, மின்சாரம், வட்டி எல்லாம் போகத் தேறிய இலாபம் 5 இலட்சம். கணக்கு எளிதாகும் பொருட்டு வரியை விட்டுவிடுவோம். கடன்களை வாங்குபவரே பொறுப்பேற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு உரிமையாளர் கேட்கும் விலை 50 இலட்சம்.

இக்கடையை ஓர் இலட்சம் பங்குகளாகப் பிரித்தால் ஒரு பங்கின் விலை 50 ரூபா. அப்பங்கு ஓராண்டில் உழைப்பது 5 ரூபா. அதற்குரிய மூலதனம் 25 ரூபா. இவ்வளவு விபரங்களும் ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையிலே, ஐந்தொகையிலும் இலாப நட்டக் கணக்கிலும், உள்ளவையே. எண்களின் பின்னால் பூச்சியங்கள் கூடுதலாக இருக்கும்; அவ்வளவே வேறுபாடு.

விலையும் உழைப்பும்

முதற் கேள்வி: கொடுக்கும் விலை எத்தனை ஆண்டு உழைப்புக்குச் சமம்? 50 ரூபாவை 5 ரூபாவால் வகுத்தால் 10 வரும். இதற்கு விலை உழைப்பு விகிதம் என்று பெயர். இலாபம் மாறாதிருந்தால், கொடுத்த காசுக்கு ஈடான இலாபத்தைக் கடை பத்து ஆண்டுகளில் உழைக்கும் என்பது பொருள். திருப்பிப் பார்த்தால், போட்ட 100 ரூபாவுக்கு ஆண்டுக்கு 10 ரூபா உழைக்கிறது.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. 5 ரூபாவுக்கு விற்கும் பங்கு மலிவு என்றும், 500 ரூபாவுக்கு விற்கும் பங்கு விலை கூடியது என்றும் எண்ணுகின்றனர். 5 ரூபாப் பங்கு ஆண்டொன்றுக்கு 10 சதம் மட்டும் உழைக்குமாயின் அதன் விகிதம் 50. 500 ரூபாப் பங்கு 50 ரூபா உழைக்குமாயின் அதன் விகிதம் 10. இவற்றுள் எது மலிவு? சந்தையில் மீன் வாங்கும் தாய்மார் விலையை மட்டும் கேட்பதில்லை; மீனின் பருமனையும் நிறையையும் பார்த்தே விலையை எடைபோடுவர். பங்கிலும் அவ்வாறே. மலிவு என்பது விலையில் இல்லை. விலைக்கும் உழைப்புக்கும் உள்ள உறவில் இருக்கிறது.

எனினும், குறைந்த விகிதமெல்லாம் மலிவு என்று துள்ளிக் குதிக்கலாகாது. கடைக்காரர் தமது பழைய காணி ஒன்றை இவ்வாண்டு விற்று, அதில் வந்த இலாபத்தையும் கடைக் கணக்கிற் சேர்த்திருக்கலாம். அக்காணி அடுத்த ஆண்டு மீண்டும் விலைபோகப் போவதில்லை. கம்பனிகளின் கணக்கிலும் இத்தகைய வரவுகள் உண்டு. கட்டடத்தின் மதிப்பு உயர்ந்தது, தோட்டத்து மரங்களின் மதிப்பு உயர்ந்தது என்று எழுதிக்கொள்ளும் இலாபம், கையில் காசாக வந்த இலாபமன்று. ஆகவே ஓர் ஆண்டின் உழைப்பை மட்டும் நம்பாது சில ஆண்டுகளின் சராசரியைப் பார்ப்பதே அறிவுடைமை.

இரண்டாங் கேள்வி: ஐந்தொகையில் 25 ரூபாவாக நிற்கும் மூலதனத்துக்கு 50 ரூபா கொடுப்பது ஏன்? இதனை விலை புத்தகப் பெறுமதி விகிதம் என்பர். நமது கடையில் அது 2. கடை நல்ல சந்தியில் இருக்கிறது, வாடிக்கையாளர் நம்பிக்கை இருக்கிறது என்றால் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு. அந்த நியாயம் இன்னதென்று வாங்குபவரால் சொல்ல முடியாவிடின் அவர் கொடுப்பது நம்பிக்கைக்கான விலையன்று, ஆசைக்கான விலை.

இத்துறையிலே முன்னோடி எனப் போற்றப்படுபவர் பெஞ்சமின் கிரஹாம். இலண்டனில் 1894ஆம் ஆண்டில் பிறந்து, நியூயோர்க்கில் வளர்ந்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியில் தாமும் பெருநட்டம் அடைந்தவர். ஆகவே அவருடைய விதிகள் பட்டவரின் விதிகள். விலை உழைப்பு விகிதம் 15க்கு மேற்படலாகாது; அதனையும் மூன்று ஆண்டுச் சராசரி உழைப்பைக் கொண்டே கணிக்கவேண்டும். புத்தகப் பெறுமதி விகிதம் 1.5க்கு மேற்படலாகாது. ஒன்று சற்றுக் கூடினால் மற்றது குறைந்திருக்கவேண்டும். இரண்டையும் பெருக்கினால் 22.5க்குள் அடங்கவேண்டும் என்று அவர் எச்சரிக்கையுள்ள முதலீட்டாளருக்கு எல்லை வகுத்தார். நமது கடையில் 10ஐ 2ஆல் பெருக்கினால் 20. அவருடைய வேலிக்குள் இக்கடை மட்டுமட்டாக நிற்கிறது.

கொடுக்கவேண்டிய கடனும் கொடுக்கும் வலிமையும்

மூன்றாங் கேள்வி: நாளைக்குக் கேட்டுவரும் கடனைக் கொடுக்க வழி உண்டா? சரக்கு, வரவேண்டிய கடன், காசு ஆகிய மூன்றும் நடைமுறைச் சொத்துகள். மொத்தம் 45 இலட்சம். விரைவில் கொடுக்கவேண்டியது 15 இலட்சம். ஆகவே நடைமுறை விகிதம் 3. இது பார்வைக்கு அழகாக இருக்கிறது. ஆனால், 30 இலட்சம் ரூபாச் சரக்கும் உடனே காசாகுமா? சரக்கை விலக்கிவிட்டுப் பார்த்தால் 15 இலட்சத்துக்கு எதிரே 15 இலட்சம் நிற்கிறது. விரைவு விகிதம் 1. கடைக்கு மூச்சு வருகிறது, ஓடிப்பாய வலுவில்லை.

விற்ற சரக்கின் கொள்விலையைச் சரக்கிருப்பால் வகுத்தால் 7 வரும். ஆண்டில் ஏழு தடவை சரக்குப் புரள்கிறது. அதாவது வந்த பொருள் ஏறத்தாழ 52 நாட்கள் தட்டில் கிடக்கிறது. பருப்பும் சீனியும் அவ்வளவு நாள் கிடக்குமா? கிடக்குமாயின், விலைபோகாத பழைய சரக்கும் அந்த 30 இலட்சத்துள் ஒளிந்திருக்கிறதா என்று அனுபவமுள்ள வியாபாரி தட்டின் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பார். ஆண்டறிக்கையை வாசிப்பவரும் அதையே செய்யவேண்டும். விற்பனை கூடாதிருக்கச் சரக்கிருப்பும் வரவேண்டிய கடனும் ஆண்டுதோறும் ஏறுமாயின் அஃது எச்சரிக்கை மணியாகும்.

நான்காங் கேள்வி வங்கிக் கடனைப் பற்றியது. இக்கேள்வியின் அருமையை 2022ஆம் ஆண்டு நம் நாட்டார் அனைவருக்கும் கற்பித்தது. நமது கடை 20 இலட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டி கொடுக்கிறது என்று கொள்வோம். வட்டி 2.4 இலட்சம். வட்டிக்கு முந்திய இலாபம் 7.4 இலட்சம். வட்டியைப் போல மூன்று மடங்கு உழைப்பு இருப்பதால் அச்சமில்லை என்று தோன்றும்.

2022 ஏப்ரில் மாதத்தில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. அம்மாதமே மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வாண்டின் இறுதியில் வணிக வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளரிடமே 25 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்டன. நமது கடையின் கடன் வட்டியும் 24 சதவீதமாகியது என்று வையுங்கள். வட்டி 4.8 இலட்சம்; எஞ்சும் இலாபம் 2.6 இலட்சம். விற்பனை ஒரு சதமும் குறையவில்லை. ஆயினும் இலாபம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 10ஆக இருந்த விலை உழைப்பு விகிதம் அதே 50 ரூபா விலையில் 19ஐத் தாண்டுகிறது. நேற்று மலிவாக இருந்த கடை, இன்று யாரும் தொடாதிருக்கவே விலை கூடியதாகிவிட்டது!

இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் ஓராண்டுத் திறைசேரி உண்டியல் ஏறத்தாழ 30 சதவீத வருவாய் கொடுத்தது. அரசுப் பத்திரம் 30 கொடுக்கையில், 100க்கு 10 உழைக்கும் பங்கை யார் வாங்குவர்? இவ்வாறு வட்டி உயரும்பொழுது உழைப்பும் குறைகிறது. அவ்வுழைப்புக்கு மக்கள் கொடுக்க முன்வரும் விலையும் குறைகிறது. ஒரே கத்தி இருபுறமும் வெட்டுகிறது. 2022 ஜனவரியில் 13,000க்கு மேல் நின்ற கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் சில மாதங்களில் ஏறத்தாழப் பாதியளவு வீழ்ந்தது. ஏப்ரில் மாதத்தில் ஒரு வாரம் சந்தை மூடப்பட்டும் இருந்தது. கடன் குறைந்த கம்பனிகளின் அருமை அப்பொழுதுதான் பலருக்கும் விளங்கியது.

இலாபம் எங்கிருந்து வருகிறது?

ஐந்தாங் கேள்வி: உரிமையாளர் போட்ட காசு எவ்வளவு உழைக்கிறது? 25 இலட்சத்துக்கு 5 இலட்சம், 20 சதவீதம். நல்ல வருவாய்தான். ஆனால், அது எவ்வழியால் வந்தது என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். 100 ரூபாவுக்கு விற்றால் கடைக்குத் தேறுவது 2 ரூபாவுக்குச் சற்று மேல் மட்டுமே. ஆயினும் 60 இலட்சம் சொத்து ஆண்டில் நான்கு மடங்கு விற்பனை செய்கிறது. அச்சொத்தோ சொந்த மூலதனத்தைப் போல 2.4 மடங்கு, மிகுதி பிறர் காசு. இம்மூன்றையும் பெருக்கினால் அந்த 20 சதவீதம் வரும்.

முதல் இரண்டும் வியாபாரத் திறமை. மூன்றாவது கடனின் வேலை. கடனைக் கூட்டிக் கூட்டியே வருவாயை உயர்த்திக் காட்டும் கம்பனிகள் உலகெங்கும் உள. அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் நிறுவனம் தன் சொந்த மூலதனத்தைப் போல ஏறத்தாழ 30 மடங்கு சொத்தை வைத்திருந்தது. 30 ரூபாச் சொத்தில் 1 ரூபா மட்டுமே சொந்தமாயின், சொத்தின் மதிப்பு நூற்றுக்கு மூன்றரை குறைந்தாலே சொந்த முதல் முழுவதும் போய்விடும். 2008 செப்டெம்பர் 15ஆம் நாள் அந்நிறுவனம் முறிந்தது, உலகமே அதிர்ந்தது.

இங்கு மாணவர் கவனிக்கவேண்டியது ஒன்று. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பிறர் காசே சரக்கு. அவற்றின் கடன் விகிதத்தைப் பலசரக்குக் கடையின் விகிதத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. தேயிலைத் தோட்டத்தை விடுதியோடும், விடுதியைச் சீமேந்துத் தொழிற்சாலையோடும் ஒப்பிடுதலும் அவ்வாறே. ஒரே தொழிலில் உள்ள இரண்டு மூன்று கம்பனிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுதே விகிதம் வாய் திறந்து பேசும்.

விகிதம் எச்சரித்த ஒரு காலம்

போர் முடிந்த காலத்துக் கொழும்புச் சந்தையை இப்பொழுது நோக்குவோம். 2008ஆம் ஆண்டின் இறுதியில் சுட்டெண் 1,500 அளவில் இருந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் 3,400 அளவுக்கும், 2010 இறுதியில் 6,600 அளவுக்கும் சுட்டெண் ஏறியது. உலகிலே மிக விரைவாக ஏறிய சந்தைகளுள் ஒன்று என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. 2011 பெப்ரவரியில் அது 7,800ஐ எட்டியது. ஊரெங்கும் பங்குப் பேச்சாயிற்று.

அக்காலத்தில் சந்தை முழுவதன் விலை உழைப்பு விகிதத்தையும் பார்த்தவர் எத்தனை பேர்? 2008 இறுதியில் அது 5க்குச் சற்று மேல். 2010 இறுதியில் 25 அளவு. சுட்டெண் ஏறத்தாழ நாலரை மடங்கு ஏறியது. விகிதமும் ஏறத்தாழ அவ்வளவே ஏறியது. இதன் பொருள் யாது? இவ்வெண்களின்படி, கம்பனிகளின் உழைப்பு அவ்வளவாக நகரவில்லை. அதே உழைப்புக்கு மக்கள் கொடுக்க முன்வந்த விலையே பன்மடங்காகியது.

இதில் ஒரு பகுதிக்கு நியாயம் உண்டு. போர்க்காலத்து விகிதம் அச்சத்தின் விகிதம். சமாதானம் வந்தபின் அது உயர்ந்தது இயல்பே. ஆனால், 25 மடங்கு கொடுப்பவர் இனிவரும் ஆண்டுகளில் உழைப்பும் பன்மடங்காகப் பெருகும் என்று நம்பியே கொடுக்கிறார். அந்நம்பிக்கை பிழைத்தால் தாங்குவதற்கு இடமில்லை. தரகர் கொடுத்த கடனாலும் பலர் பங்கு வாங்கியிருந்தனர். அக்கடனுக்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு கட்டுப்பாடு விதித்தது. அவ்வாணைக்குழுவின் தலைவர் ஒருவர் 2011இலும், அவருக்குப்பின் வந்தவர் 2012இலும் பதவி விலகினர். 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சுட்டெண் 5,000க்கும் கீழே இறங்கியிருந்தது. 2011 பெப்ரவரியில் தொட்ட உச்சத்தை அது மீண்டும் கடந்தது 2021 ஜனவரியிலேயே.

பத்து ஆண்டுகள்! 2011இல் பத்து வயதாயிருந்த மகள் இருபது வயதாகிவிட்டாள். அவளுடைய படிப்புக்கும் திருமணத்துக்கும் என்று வைத்த காசு உச்ச விலையிலே மாட்டிக்கொண்டிருந்தால், அக்குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2008இன் இறுதியில் வாங்கியவரும் 2011இன் தொடக்கத்தில் வாங்கியவரும் அதே கம்பனிகளையே வாங்கினர். அவர்களைப் பிரித்தது கம்பனியின் தரமன்று; கொடுத்த விலைக்கும் பெற்ற உழைப்புக்கும் உள்ள விகிதம்.

கணக்கே பொய்யானால்?

விகிதம் என்பது இரண்டு எண்களின் உறவு. அவ்விரண்டில் ஒன்று பொய்யாயின் விகிதமும் பொய்யாகும். இந்தியாவின் சத்யம் கம்பியூட்டர் கம்பனி இதற்கு என்றும் அழியாத சான்று. 2009 ஜனவரி 7ஆம் நாள் அதன் தலைவர் இராமலிங்க ராஜு தம் பணிப்பாளர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டெம்பர் மாத ஐந்தொகையில் 5,361 கோடி ரூபா காசாகவும் வங்கி மீதியாகவும் காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அக்கடிதம் ஒப்புக்கொண்டது. அக்காலாண்டில் 100 ரூபா விற்பனைக்கு 24 ரூபா தொழில் இலாபம் என்று காட்டியிருந்தார்கள். உண்மையில் 3 ரூபாவே. அன்று ஒரே நாளில் அப்பங்கின் விலை நான்கில் மூன்று பங்குக்கு மேல் வீழ்ந்தது. பெயர்பெற்ற கணக்காய்வாளரின் ஒப்பம் அந்த ஐந்தொகையில் இருந்தது.

அப்படியாயின் கணக்கைப் பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. பெட்டியில் 5 இலட்சம் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், எண்ணிக் காட்டும்படி கேட்பதில்லையா? கம்பனியின் பெட்டியை நாம் எண்ண முடியாது. ஆனால் கேள்வி எழுப்பலாம். இவ்வளவு காசு வங்கியில் இருக்கிறதென்றால் அதற்கேற்ற வட்டி வரவு கணக்கில் உண்டா? இலாபம் ஆண்டுதோறும் ஏறுகிறதென்றால் காசுப் பாய்ச்சற் கூற்றிலும் காசு ஏறுகிறதா? பங்காளருக்குப் பங்கிலாபமாகக் கையில் ஏதும் வருகிறதா? ஒரே தொழிலில் உள்ள பிறரெல்லாம் 10 ரூபா உழைக்க, இவர் மட்டும் 24 ரூபா உழைப்பது எவ்வாறு? இலாபத்தை எழுத்தால் உண்டாக்கலாம். காசை எழுத்தால் உண்டாக்கி நெடுநாள் காப்பது அரிது.

ஐந்தொகையே கிடைக்காத இடத்தில் வைப்புச் செய்வது இதனிலும் ஆபத்தானது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் முறிந்த கோல்டன் கீ நிறுவனத்தில், உயர்ந்த வட்டியை நம்பிப் பல்லாயிரவர் தம் வாழ்நாட் சேமிப்பை வைத்திருந்தனர். வைப்புப் பணம் ஏற்பதற்கு மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. வட்டி எவ்வளவு என்று கேட்டவர் பலர். அந்த வட்டியைக் கொடுக்க உங்களுக்கு உழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் சிலரே.

வீட்டில் செய்யத்தக்க கணக்கு

பெரிய படிப்பு இதற்கு வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் போதும். பங்குச் சந்தையிற் பதிவான கம்பனிகள் தம் ஆண்டறிக்கையை வெளியிடல் வேண்டும். அதனை இணையத்தில் எவரும் இலவசமாகப் பெறலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதே முதியோருக்கு இடையூறு. அங்கேதான் வீட்டிலுள்ள மாணவரின் துணை வேண்டும். உயர்தர வகுப்பில் கணக்கீடு கற்கும் பிள்ளை ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால், ஒரு கம்பனியின் ஐந்து ஆண்டு எண்களை ஒரு தாளில் எழுதிவிடலாம். விற்பனை, தேறிய இலாபம், உரிமை மூலதனம், கடன், வட்டி, காசுப் பாய்ச்சல், பங்கிலாபம் என்ற ஏழு வரிகள் போதும். அதே தொழிலிலுள்ள இன்னும் இரண்டு கம்பனிகளையும் பக்கத்தில் எழுதுக. எண்கள் எத்திசையில் நகர்கின்றன என்று அப்பொழுது கண்ணுக்குத் தெரியும்.

அத்தாளைப் பெற்றோரிடமோ பேரனாரிடமோ காட்டுக. அவர் கடை நடத்தியவராயின் விகிதத்தின் பெயர்கள் அவருக்குப் புதியனவாக இருக்கலாம். கேள்விகள் புதியனவாக இரா. “சரக்கு ஏன் இவ்வளவு தேங்கிக் கிடக்கிறது?” என்று அவர் கேட்பார். பரீட்சைத் தாளில் விடை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அக்கேள்வியைக் கேட்கத் தெரியாதிருக்கலாம். படிப்பும் பட்டறிவும் ஒரே மேசையில் அமரும்பொழுது குடும்பத்தின் காசுக்குக் காவல் உண்டாகிறது.

விகிதங்களெல்லாம் நன்றாக இருந்தாலும் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் வேண்டிய காசைப் பங்கில் இடுதல் தகாது. பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவும், மகளின் திருமணமும், வீட்டுக் கூரையும் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்காகக் காத்திரா. எஞ்சிய காசில், ஒரே கம்பனியில் எல்லாவற்றையும் போடாது பிரித்திடுதல் நன்று. கடன் வாங்கிப் பங்கு வாங்குதல் அறவே ஆகாது.

நிதி விகிதம் நாளைய விலையைக் கூறும் சோதிடமன்று. நாம் கொடுக்கும் விலைக்கு என்ன பெறுகிறோம் என்று மட்டுமே அது கூறும். அதனைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பும் நட்டம் வரலாம். கேளாதவருக்கோ நட்டம் எதனால் வந்தது என்பதும் விளங்காது. ஆனையிறவுக்கு அப்பால் அறியாத ஊர்களிலே கடை திறந்து, கொப்பியும் பேனையுமாக இரவில் கணக்குப் பார்த்து வீட்டை உயர்த்தியவர்களின் வழியில் வந்தவர் நாம். அவர்கள் உழைத்த காசைப் பங்கில் இடுவதற்குமுன், அவர்கள் பார்த்த கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோமாக.